ரப்பர் சீட்ஸின் ஐந்தாவது ஆள்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய இசைத்தட்டின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அட்டையில் நான்கு இளைஞர்கள். பெல்பாட்டம், காதை மூடிய முடி, பின்னால் ஒரு ரப்பர் மரம். ‘தி ரப்பர் சீட்ஸ். எழுபதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த தமிழ் ராக் குழு. இந்தத் தட்டு இப்போது எங்குமே கிடைப்பதில்லை’ என்று கீழே எழுதியிருந்தது. பாட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். கீறல் சத்தத்துக்கு நடுவே ஒரு சிறுமி தனியாக நான்கு வரி பாடுவாள். அதற்குப் பிறகுதான் கிட்டார் வரும். ‘யார் இந்தக் குழந்தை? கேட்டாலே தொண்டை அடைக்கிறது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நிறைய பேர் இதயம் போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டேன்.

அந்தக் குழந்தை நான்தான். கிட்டார் வாசிப்பவர் என் சித்தப்பா. படத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள்.

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இதைச் சொன்னால் எனக்கு இனி மாப்பிள்ளை கிடைக்காமல் போகப் போவதில்லை. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். படித்த பிறகு போட்ட இதயத்தை எடுத்துவிடலாம் என்று தோன்றினால் எடுத்துவிடுங்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. குழுவின் பெயரில் வருகிற அதே ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி, அடுத்தவள் தொடையில் வைத்துவிட்டு ஓடுகிற வயது. அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக் காற்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, மாலையில் ஆங்கிலப் பேப்பர். எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். அப்படிச் சொல்லும்போது அப்பாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். சித்தப்பா கல்யாணமாகாமல் எங்களோடுதான் குவாட்டர்ஸில் இருந்தார். ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் மொழிக்கூடத்தில் வேலை. ஞாயிறு மத்தியானம் அவருடைய குழு எங்கள் வீட்டுப் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் கூடும். டிரம்ஸ் அடிப்பவர், பேஸ் கிட்டார்காரர், பாடுகிறவர் மூவரும் அவருடைய கல்லூரி நண்பர்கள். ஐந்தாவது ஆள் உறுமி அடிப்பவர்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை உறுமிக்காரன் என்றுதான் சொன்னார்கள். நான் இப்போது உறுமிக்காரர் என்று எழுதுகிறேன். இந்த மரியாதையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருக்கு வீடு. லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. உறுமியைப் பழைய சாரத்தில் சுற்றி, மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது கிளம்பும் அந்த உறுமல் எனக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்கும். கிட்டாரோடு சேர்ந்தால் ஏதோ பெரிய மிருகம் பேசப் பழகுவதுபோல் இருக்கும். சித்தப்பாவின் குழுவைப் போல இன்னும் பத்துக் குழு கோலாலம்பூரில் இருந்தது. உறுமி வைத்த குழு இது ஒன்றுதான்.

“அவன் பின் கேற்றாலை வரட்டும்,” என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். “முன்னால வந்தால் சனம் என்ன நினைக்கும்?”

“அண்ணை, அவன் இல்லாட்டி இந்த பாண்டே இல்லை.”

“அதுதான் வரட்டும் எண்டு சொல்லுறன். பின் கேற்றாலை.”

மற்ற நால்வருக்கும் அம்மா கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி கொடுப்பார். அவருக்குக் காலிப் பால் டின்னில். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. விளிம்பில் கை சுடாமல் இருக்க டின்னைத் துணியால் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் என்ன தோன்றியதோ, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் சிரித்தார். “டின்ல குடிச்சாத்தான் தங்கச்சி டீ ரொம்ப நேரம் சூடா இருக்கும்,” என்றார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உறுமி ஒலிக்கும்போது அவர் முன் அறையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேப்பருக்குக் கீழே அவருடைய வலது கால் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அந்தப் பாட்டு உறுமிக்காரருடைய அம்மாவின் பாட்டு. சித்தப்பா மொழிக்கூடத்திலிருந்து ஒரு பெரிய டேப் மெஷினை இரவலாக எடுத்துவந்து, என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு. வாசலில் கோழிகள். காய்ந்த ரப்பர் பாலின் புளிச்ச வாடை. அந்த அம்மா நெடுநேரம் மாட்டேன் என்றார். பிறகு மகன் உறுமியை மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்ததும், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பாடினார்.

நாலு மணிச் சங்கு ஊதி
நடுங்கி எழும் நேரத்துல
பாலு வெட்டப் போன மகன்
பாதி வழி நிக்குறானே

நடுவில் இருமினார். ஒரு கோழி கத்தியது. சித்தப்பா நிறுத்தவில்லை. டேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “யாருடா இந்தக் கெழவி?” என்று மகனைக் கேட்டார். திரும்பும்போது சித்தப்பா வழியெல்லாம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். “இதுதான் பிள்ளை பாட்டு. மற்றதெல்லாம் சும்மா லா,” என்றார். இதுதான் அவர்களுடைய முதல் பதிவு.

குழுவின் உச்சம் என்றால் சுங்கை வே என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையின் வருடாந்தர விருந்து. சித்தப்பா என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஆங்கிலப் பாட்டுக்கெல்லாம் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம், உறுமி தனியாக ஒலிக்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டது. நாற்காலிகள் விழுந்தன. வேலை உடுப்போடு வந்திருந்த ஒரு அக்கா அருள் வந்து ஆடினார். நான்கு பேர் பிடித்தும் நிற்கவில்லை. உறுமிக்காரர் சட்டை முதுகோடு ஒட்ட, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடிந்ததும் சனம் அவரைத்தான் தூக்கியது. சித்தப்பா கிட்டாரோடு ஒதுங்கி நின்று கைதட்டினார்.

அந்தத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்தவர், சித்தப்பாவுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் அண்ணன். அடுத்த ஞாயிறு பெண்ணின் தகப்பனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். டாக்டர். கோபப்படவில்லை. சித்தப்பா போட்டுக் காட்டிய கிள்ளான் டேப்பைக் கேட்டார். ஓரேஞ் தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“தம்பி பாடட்டும், வாசிக்கட்டும். எங்களுக்கு ஒண்டும் இல்லை. ரெக்கோர்ட் போடுறதெண்டால் நானே ஒழுங்கு செய்யிறன். ஆனால் அந்தச் செத்த வீட்டு மேளம் வேண்டாம். அந்தக் கிழவியின்ர இருமலும் வேண்டாம். ஒரு சின்னப் பிள்ளை பாடினால் வடிவாய் இருக்கும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நான்கு வரியையும் நான் குளியலறையில் பாடிப் பாடிப் பழகி வைத்திருந்தேன்.

உறுமிக்காரரிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நேராச் சொன்னால் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து சத்தம் போடுவான்,” என்றார் அப்பா. “ரெக்கோர்டிங் வேற இடத்திலை எண்டு சொல்லி அனுப்பிவிடுங்கோ. முடிஞ்ச பிறகு என்ன செய்வான்?”

“நான் சொல்ல மாட்டன்,” என்றார் சித்தப்பா.

“பிள்ளை சொல்லட்டும்,” என்றார் அப்பா.

பின் கேட்டில் அவர் வந்து நின்றபோது நான் மட்டும் போனேன். பெரியவர்கள் முன் அறையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் செலாயாங்கைச் சொல்லு என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மீதியெல்லாம் என்னுடையது.

“அண்ணே, அடுத்த ஞாயித்துக்கெழம ரெக்கார்டிங். ஆனா இங்க இல்ல, செலாயாங்ல.”

“செலாயாங்லயா? அங்க எங்க தங்கச்சி?”

“கடைவரிசைல. பச்சைக் கதவு. மாடிக்கு ஏறிப் போவணும்.”

“எத்தன மணிக்கு?”

“காலைல எட்டு மணிக்கே வந்திரணும்.”

அவர் பச்சைக் கதவு, எட்டு மணி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: “அப்ப அம்மாவையும் கூட்டிட்டு வரவா? பாடணும்ல?”

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “கூட்டிட்டு வாங்கண்ணே,” என்றேன்.

உள்ளே வந்ததும் அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்பா தலையைத் தடவுகிறவர் அல்ல.

அந்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் பதிவு நடந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. டாக்டரும் பெண் வீட்டாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, பெட்டியின் மேல் ஏறி நின்று மைக்கில் பாடினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். பத்து மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் பதிய முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். எல்லோரும் மழையைத் திட்டினார்கள். செலாயாங்கிலும் பெய்யுமோ என்று ஒரு தடவை நினைத்தேன். அதற்குள் சாப்பிடக் கறி பாப் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் பின் கேட்டுக்கு வந்தார். மறுபடியும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

“பச்சைக் கதவு ரெண்டு இருந்துச்சு தங்கச்சி,” என்றார். “ஒண்ணு பல்லு டாக்டர். இன்னொண்ணு பூட்டியிருந்துச்சு. அதாத்தான் இருக்கும்னு அம்மாவ படியில ஒக்கார வச்சேன். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருந்தோம். நாந்தான் எடத்தச் சரியா கேட்டுக்கல போல.”

“ரெக்கார்டிங் தள்ளிப் போச்சண்ணே. சொல்ல ஆள் இல்ல.”

“அதானே பாத்தேன்,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உறுமித்தோல் நனைந்து தொய்ந்துபோனதாகவும் காயவைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அடுத்த தடவைக்குத் தயாராகிவிடுமாம்.

அன்று மாலை டாக்டர் குடும்பம் வந்திருந்தது. நான் இதை அவர்களுக்கு நடித்துக் காட்டினேன். கதவுகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது, பல்லு டாக்டர், கிழவியைப் படியில் உட்கார வைப்பது. உறுமிக்காரரின் பேச்சு எனக்கு அப்படியே வரும். சிரித்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு தடவை செய்து காட்டு என்றார்கள், செய்தேன். அம்மா மட்டும் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். என்னை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. சித்தப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அடுத்த மூன்று ஞாயிறும் ‘இந்த வாரம் ப்ராக்டிஸ் இல்லண்ணே’ என்று சொல்லியனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

தட்டு வெளிவந்தது. அட்டையில் நால்வர். பாட்டும் இசையும் சித்தப்பா பெயரில். வானொலியில் இரண்டு மூன்று தடவை போட்டார்கள். போடும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். உறுமிக்காரரைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். முதல் முறையாக முன் கேட் வழியாக. கையில் உறுமி இல்லை. தலை மொட்டை. இஸ்திரி போட்ட சட்டை. அவருடைய அம்மா போய்விட்டாராம். செலாயாங் போய்வந்து மூன்று மாதம் இருக்கும். அந்த மழைக்கும் சாவுக்கும் தொடர்பு இருந்திருக்குமா என்று டாக்டராக இருக்கும் என் மகளிடம் கேட்டிருக்கிறேன். அவ்வளவு நாள் கழித்து என்றால் இருக்காது அம்மா என்றாள். இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

சாவு என்றதும் அப்பா நாற்காலி போட்டார். அவர் நுனியில் உட்கார்ந்தார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வானொலியில் கேட்டிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“சார், அன்னைக்கு எங்க வீட்ல வச்சு எடுத்தீங்கள்ல, அந்த டேப்பு,” என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். “அது மட்டும் குடுங்க சார். வேற எதுவும் வேணாம். அம்மா கொரல் அதுலதான் இருக்கு.”

சித்தப்பா, “ஓ, இருக்கு, இருக்கு. இருங்க,” என்று என்னையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். அந்த டேப் கல்லூரியுடையது. திருப்பிக் கொடுத்து, அதன் மேல் வேறு பாடம் பதிந்து நெடுநாள் ஆகிவிட்டது. அலமாரியில் அதே அளவில் வேறொரு டேப் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஆங்கில உச்சரிப்புச் சொல்லித் தரும் பாடம். சித்தப்பா அதன் லேபிளைக் கிழித்தார்.

“அவனிட்டை மெஷின் இல்லை,” என்றார். சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். “நீ எழுது பிள்ளை. உன்ர எழுத்துத்தான் வடிவு.”

‘அம்மா பாட்டு, கிள்ளான்’ என்று சிவப்பு மையால் எழுதி, சுற்றி ஒரு பூக்கொடியும் வரைந்தேன்.

அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். சித்தப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீ கேட்டியா தங்கச்சி? அம்மா கொரல் நல்லா விழுந்திருக்கா?”

“நல்லா கேக்குதுண்ணே,” என்றேன். “கோழி கத்துறதுகூடக் கேக்குது.”

குழுவின் கதை அத்துடன் முடிந்தது. இரண்டாவது தட்டு வரவில்லை. உறுமி இல்லாத ரப்பர் சீட்ஸை யாரும் எந்த விருந்துக்கும் கூப்பிடவில்லை. சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கே கிட்டாரைத் தொட்டதே இல்லை என்று சித்தி சொன்னார். இப்போது அவரும் இல்லை, அப்பாவும் இல்லை. விற்காத தட்டுகளை அம்மா தொட்டிச் செடிகளுக்கு அடியில் வைத்தார். அவை வெயிலில் வளைந்து போயின. நீங்கள் எங்கும் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். வாங்க ஆளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆசிரியையாக இருந்த எனக்குக் கிள்ளானில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றலாகியது. முதல் நாள் மத்தியானமே கேட் முன்னால் நின்ற பள்ளி வேனின் டிரைவர் சீட்டில் உறுமிக்காரரைப் பார்த்துவிட்டேன். முடி வெளுத்து, உடம்பு குறுகியிருந்தது. பிள்ளைகள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். கிட்டே போக எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

“அண்ணே, என்னத் தெரியுதா?”

அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “கொரல் தெரியுது டீச்சர்,” என்றார்.

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். செலாயாங், பச்சைக் கதவு, சைக்கிள் கடை மாடி. கடைசியாக அந்த டேப். அதில் உங்கள் அம்மா பாட்டு இல்லை, எனக்கு அப்போதே தெரியும் என்றேன்.

“அது தெரியும் டீச்சர். ஒரு வாத்தியாரு மிஷின் வச்சிருந்தாரு. போட்டாரு. வெள்ளக்காரன் பேசுறான்.” வேன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “நான் வாத்தியார்கிட்ட சண்டைக்குப் போய்ட்டேன். மிஷின் கோளாறுன்னு. சின்னப் புள்ள கேட்டுட்டு கோழி கத்துறதுகூடக் கேக்குதுன்னு சொல்லியிருக்கு, அது எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு. அப்பறம் வேற மிஷின் தேடிட்டு எங்கெங்கயோ தூக்கிட்டுப் போனேன். ரெண்டு மூணு வருசம் இருக்கும்.”

“என்ன மன்னிச்சிருங்கண்ணே.”

அவர் துணியை உதறி மடித்தார்.

“ஒண்ணு கேக்கவா டீச்சர்? எங்கம்மா பாடினத நேர்ல கேட்டவங்க இப்ப இங்க நீங்க ஒருத்தர்தான். எப்படிப் பாடுவாங்கன்னு ஞாபகம் இருக்கா? அந்த ரெக்கார்ட நான் வாங்கி வச்சிருந்தேன். டேப்புதான் இல்லன்னு ஆயிருச்சு, இதாவது அவங்க பாட்டுத்தானேன்னு தேயத் தேயக் கேட்டேன். இப்ப அம்மாவ நெனச்சா ஒங்க கொரல்தான் வருது. கனவுல வந்தாலும் அந்தச் சின்னப் புள்ள கொரல்லதான் பேசுறாங்க. அவங்க கொரல் எனக்குச் சுத்தமா போயிருச்சு.”

நான் யோசித்தேன். இருமல் ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிய முதுகு, வாயைப் பொத்திய கை. பாட்டை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் என் குரல்தான் கேட்டது.

“இல்லண்ணே,” என்றேன்.

வேனுக்குள் பிள்ளைகள் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார்.

“பரவால்ல டீச்சர். நீங்க பாடினதும் நல்லாத்தான் இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேனை எடுத்தார்.